கட்டுநர் நேரில் ஆஜராக வேண்டும்

ஓர்வல் ட்வெட் செத்து மூன்றாம் நாள். சர்ச்சின் அடித்தளத்தில் சாப்பாடு முடிந்து, மிஞ்சிய பன்றித்தொடை சாண்ட்விச்சுகளைக் கட்டிக்கொண்டு அவன் பெண்டாட்டி மார்லிஸ் வீட்டுக்கு வந்தாள். தபால் பெட்டியில் அவன் பேருக்கு ஒரு கடிதம் கிடந்தது. மண்டல வானூர்தி அலுவலகத்திலிருந்து. அந்த மனுசன் ஒரு வருஷமாகத் தினமும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த கடிதம்தான். வந்தது பாருங்கள், நேரம் பார்த்து.

"தங்கள் இல்லத்தில் தங்களால் கட்டப்பட்ட வானூர்தியின் இறுதிப் பரிசோதனைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளது. கட்டுநர் நேரில் ஆஜராக வேண்டும். ஆஜராக இயலாத பட்சத்தில் காரணத்தைப் படிவம் பதினேழில் தெரிவிக்க வேண்டும்."

சவ ஊர்வலத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மார்லிஸ் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். குரல் தேன்.

"அவர் இறந்துட்டாருங்க."

"ஐயோ, ரொம்ப வருத்தமா இருக்குங்க. வேற தேதி மாத்தித் தரட்டுமா?"

"எந்தத் தேதி வச்சாலும் அவர் வரமாட்டாரும்மா."

"அப்ப, வர விருப்பமில்லைன்னு போட்டுக்கவா?"

மார்லிஸ் யோசித்தாள். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனைப் பற்றிப் பொய் சொல்ல மனசு வரவில்லை. "விருப்பமெல்லாம் நிறைய இருக்கும். முடியாது, அவ்வளவுதான்."

படிவம் பதினேழில் காரணங்கள் நான்கு: நோய், பயணம், ராணுவ சேவை, இதர. இதரவுக்கு நேரே 'மரணம்' என்று எழுதி அனுப்பினாள். பத்து நாளில் திரும்பி வந்தது. ஓரிடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். "எதிர்பார்க்கப்படும் திரும்பும் தேதி நிரப்பப்படவில்லை."

விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வயசாகி வேலை ஓய்ந்தால் ஒன்று உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க உட்காருவான், இல்லையென்றால் கராஜில் விமானம் கட்டுவான். இரண்டுக்கும் பெண்டாட்டிகள் ஒரே பெருமூச்சுதான் விடுவார்கள். ஆனால் ட்வெட் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு. ஓர்வலுக்கு இருதயம் சரியில்லை. விமானம் ஓட்ட டாக்டர் சீட்டு தரமாட்டார். ஓட்டத் தெரிந்தவள் மார்லிஸ்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முப்பத்து நாலு வயசில் லைசென்ஸ் வாங்கியவள். வாடகை விமானத்தில் மாசம் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வந்து, பாதி சாப்பாட்டில் எழுந்த மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். ஒருநாள் லாரியில் இரண்டு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே அலுமினியத் தகடுகள், ஒரு தலையணைப் பருமனுக்குக் கையேடு. "எவனோ ஒருத்தன் விமானத்த எதுக்கு ஓட்டுற" என்றான் ஓர்வல். அந்த வருஷம் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

விமானம் என்பது தகடும் ரிவெட் ஆணியும்தான். பன்னிரண்டாயிரம் ஆணி. ஒரு ஆணி அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே நின்று துப்பாக்கி மாதிரி கருவியால் தடதடவென்று அடிக்க வேண்டும். இன்னொருவர் உள்ளே படுத்து, ஆணியின் முனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கட்டையில் மோதித்தான் ஆணி நசுங்கிப் பிடிக்கும். வால் பக்கத்துக் குழாய்க்குள் நுழைய ஓர்வலின் தொப்பை இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஒன்பது வருஷமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சாயங்காலம் நாலு மணிக்கு, தகடு கீறிவிடக் கூடாதென்று பூட்ஸைக் கழற்றி, கம்பளிச் சாக்ஸோடு உள்ளே ஊர்ந்து போனது மார்லிஸ். சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் கட்டையால் தகட்டைத் தட்டுவாள். இரண்டு தட்டு தட்டினால் ஆணி நல்லாருக்கு, அடுத்ததுக்குப் போ. ஒரே தட்டு என்றால் பத்தாது, இன்னொரு தரம் அடி. மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு, தோண்டி எடு. விமானம் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாஷைதான். நாளடைவில் இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் அது வந்துவிட்டது. உருளைக்கிழங்கு போட்டு அடுப்பில் சுட்ட பதார்த்தத்தை வைத்தால் ஓர்வல் ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டுவான். வாயைத் திறந்து சொன்னால் "மோசமில்ல" என்பான். அதைவிட உயர்ந்த பாராட்டு அவன் வம்சத்திலேயே கிடையாது.

ஏப்ரலில், கடைசி ஆணி அடித்து ஒரு வருஷம் முடிந்த நிலையில், வேலை மேசையில் காபியை வைத்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

புதைத்து ஏழாம் நாள் நாலு மணிக்கு, சமையலறையில் நின்றிருந்த மார்லிஸுக்குக் கராஜிலிருந்து சத்தம் கேட்டது. டக், டக். இரண்டு தட்டு.

போய்ப் பார்த்தாள். யாருமில்லை. அவன் சட்டை கொக்கியில் தொங்கியது. காபிக் கோப்பையில் பூசணம் பூத்திருந்தது. அதைக் கழுவ அவளுக்குக் கை வரவில்லை. மறுபடி டக், டக். வால் பக்கத்திலிருந்து, உள்ளேயிருந்து. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நிமிஷம் போக, கோபம் வந்தது.

"எதுடா நல்லாருக்கு? ஹ்ம்? எது நல்லாருக்கு? என்னைத் தனியா விட்டுட்டுப் போய், உள்ள படுத்துக்கிட்டு நல்லாருக்காம்! உசுரோட இருந்தப்ப தட்டுறது என் வேலை. செத்தப்புறம் உனக்கு வாய் முளைச்சிருச்சோ?"

கராஜ் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். ஆனால் மறுநாள் மூன்றே முக்காலுக்கே காபியோடு போய் உட்கார்ந்தாள். அன்றும் வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது. நாள் முழுக்க அந்த நாலு மணிக்காகத்தான் அவள் நடமாடினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஜூன் மாதம் பரிசோதகர் வந்தார். பெயர் ப்ரூட். கழுத்துப்பட்டையில் குட்டி விமானப் படங்கள் போட்டிருந்தார். காரிலிருந்து முதலில் ஒரு மடக்கு நாற்காலியை இறக்கினார். அதன் முதுகில் 'கட்டுநர்' என்று அச்சடித்திருந்தது. விமானத்துக்கு எதிரே அதை விரித்துவைத்து, நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

"அதுல யாரும் இல்லைங்களே" என்றாள் மார்லிஸ்.

"அது கட்டுநர் சம்பந்தப்பட்ட விஷயம்மா. நாற்காலி போட்டாச்சா, அதோட என் பொறுப்பு முடிஞ்சுது."

அலுவலகத்தின் வேதவாக்கு ஒன்று உண்டு. விமானத்தில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கு வேலையைக் கட்டுநரே செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது வீட்டில் கட்டிய விமானம் அல்ல, கடையில் வாங்கிய சரக்கு, பறக்க விடமாட்டார்கள். அத்தாட்சிக்கு ஒவ்வொரு கட்டத்திலும் கட்டுநர் வேலை செய்யும் போட்டோ வேண்டும். ஓர்வல் அசகாய சூரன், மூவாயிரம் போட்டோ எடுத்து ஆல்பம் ஆல்பமாக ஒட்டி வைத்திருந்தான். ப்ரூட் இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் இருண்டது.

"அம்மா, இதுல கட்டுநர் எங்க?"

"அவர்தாங்க போட்டோ எடுத்தார்."

"மூவாயிரம் போட்டோல ஒண்ணுலகூட அவர் இல்ல. எல்லாத்துலயும் வால்லேருந்து ரெண்டு கால்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. சாக்ஸ் போட்ட கால். யார் கால் இது?"

"என் கால்."

ப்ரூட் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க அத்தாட்சிப்படி பார்த்தா, இந்த விமானத்தைக் கட்டுனது ஒரு ஜோடி கால்."

"சரி, அப்ப என்னையே கட்டுநர்னு போட்டுக்குங்களேன்."

"நீங்கதான் அந்தக் காலுன்னு நிரூபணம் வேணுமே."

எங்கள் மாவட்டம் இதுவரை பார்த்திராத காரியம் அடுத்த வாரம் நடந்தது. ப்ரூட் கராஜ் தரையில் வெள்ளைத் தாளை விரித்து, மார்லிஸை ஏறி நிற்கச் சொல்லி, மண்டியிட்டு அவள் பாதங்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். மூன்று பிரதி. கூச்சத்தில் அவள் நெளிந்ததால் இரண்டாம் பிரதியைக் கிழித்துவிட்டு மறுபடி எடுத்தார். பக்கத்துப் பண்ணைக்காரன் டெல்மர் க்ளாட், தானும் இரண்டு விமானம் கட்டியவன், வாசலில் நின்று சிரித்தான்.

"மார்லிஸ், அப்படியே ஒரு ஜோடி செருப்புக்கும் அளவு குடுத்துரு!"

"வாய மூடு டெல்மர். எனக்கு வர்ற கடுப்புல இந்தக் கால் எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது."

முடிவு ஆகஸ்டில் வந்தது. இடது கால் போட்டோவோடு பொருந்தியது. வலது கால் பொருந்தவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டைவிரல் எலும்பு புடைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்தது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கடிதம் தெளிவாகச் சொன்னது: "இடது காலின் உரிமையாளருக்கு ஐம்பது சதவீதம் வழங்கப்படுகிறது. வலது கால் அடையாளம் தெரியாத நபருடையது. எஞ்சிய ஐம்பது சதவீதம் கட்டுநர் திரு. ஓர்வல் ட்வெட் பெயரில், அவர் திரும்பும் வரை நிலுவையில் வைக்கப்படுகிறது. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் எவருக்கும் ஐம்பத்தொன்று எட்டாவிடில், மேற்படி பொருள் 'தோட்ட அலங்காரம்' என வகைப்படுத்தப்பட்டு, நிரந்தரமாகத் தரையில் பிணைக்கப்படும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஒரே ஒரு சதவீதம். அவன் ஒன்பது வருஷம் அவளுக்காகக் கட்டியதை, சங்கிலி போட்டுப் பூச்செடிக்கு நடுவே நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த எண்ணத்திலேயே மார்லிஸுக்கு அன்று சோறு தண்ணி இறங்கவில்லை.

"பேசாம என் புல்வெளிலேருந்து ஏறிப் பறந்துரு. எவன் பார்க்கப் போறான்?" என்றான் டெல்மர்.

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட நிறுத்தப் பலகைய நிக்காம தாண்டுனது கிடையாது. செத்தவன் பேர்ல திருட்டுத்தனமாப் பறக்கவா?"

கோட்டை மாட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய் மண்டலத் தலைவி ஹெஸ்டன் அம்மாளையே பார்த்தாள். அந்த அம்மாள் எழுந்து வந்து, மார்லிஸின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உண்மையான கனிவோடு பேசினார்.

"இங்க பாருங்க, எங்க மண்டலத்துல போன வருஷம் ஒரு விபத்துகூட இல்ல. எப்படின்னு நினைக்கிறீங்க? போன வருஷம் நாங்க ஒரு விமானத்தையும் பறக்க விடல. பாதுகாப்புன்னா அதுதான். முப்பது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன், எங்க கோப்புல ஒரு கட்டுநர்கூடச் செத்தது கிடையாது. பெருமைக்குச் சொல்லல."

"என் வீட்டுக்காரர் செத்துட்டாருங்க. சாவுச் சான்றிதழ் கொண்டாந்திருக்கேன்."

ஹெஸ்டன் அம்மாள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது மாவட்டம் குடுக்கறது. சாவு, நிலம் சம்பந்தப்பட்ட விஷயம். நாங்க ஆகாயம். ஒரே வழிதான் இருக்கு. கட்டுநர் எங்க முன்னாடி, தன் பங்குல ஒரு சதவீதத்தை உங்களுக்குத் தர்றேன்னு சொல்லணும். நாங்களே உங்க வீட்டுக்கு வர்றோம். எத்தன மணிக்கு அவருக்கு வசதிப்படும்?"

மார்லிஸ் அந்தக் கனிந்த முகத்தைப் பார்த்தாள். இதுகளிடம் மானம் என்ன, மரியாதை என்ன?

"நாலு மணி" என்றாள்.

அக்டோபர் கடைசி வாரம். சோளம் அறுத்த வயலெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. ஹெஸ்டன் அம்மாளும் ப்ரூட்டும் வந்தார்கள், நாற்காலியும் வந்தது. டெல்மர் சும்மா இருக்க மாட்டாமல் எட்டிப் பார்த்தவன், சாட்சியாகப் பிடித்து நிறுத்தப்பட்டான். நாலு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. வராமல் போனால் விமானம் போச்சு. வந்தால்? ஆறு மாசமாக அவளுக்கு மட்டுமென்று இருந்த ஒன்றை, கழுத்துப்பட்டைக்காரன் முன்னால் பங்கு போட வேண்டும். எது தேவலை என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஓர்வல் ட்வெட்! ஓர்வல் ட்வெட்! ஓர்வல் ட்வெட்!" என்று ப்ரூட் கோர்ட் டவாலி மாதிரி மூன்று தரம் கூப்பிட்டார்.

டக், டக்.

டெல்மரின் தொப்பி கையிலிருந்து விழுந்தது. "கர்த்தரே" என்றான்.

ப்ரூட் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். "நாலு மணி. கட்டுநர் ஆஜர். நாற்காலியப் பயன்படுத்தல."

"அது அவர் இஷ்டம்" என்றார் ஹெஸ்டன் அம்மாள் பெருந்தன்மையாக. "ஏன் தட்டுறார்? பேச மாட்டாரா?"

"உசுரோட இருந்தப்பவே அதிகம் பேச மாட்டார்" என்ற மார்லிஸ், தட்டுக்கு அர்த்தம் சொல்ல வாயெடுத்தாள். ப்ரூட் கையைக் காட்டித் தடுத்தார். ஆதாயம் அடைகிறவர் மொழிபெயர்க்கக் கூடாதாம். டெல்மருக்கு அந்த இடத்திலேயே சத்தியப் பிரமாணம் செய்துவைத்து, அவனை அரசாங்கத் தட்டு மொழிபெயர்ப்பாளனாக்கினார்கள். பாவம், அவன் பல் தந்தியடித்தது.

"திரு. ட்வெட்," ஹெஸ்டன் அம்மாள் விமானத்தின் வாலைப் பார்த்துப் பேசினார், "உங்க மனைவிக்கு ஒரு சதவீதம் தர சம்மதமா?"

டக்.

"ஒண்ணுன்னா..." டெல்மர் கீழே கிடந்த தொப்பியை எடுத்துக்கொண்டான். "பத்தாதுன்னு அர்த்தம். இன்னொரு தரம் அடின்னு."

"ஒண்ணு பத்தாதா? சரி, ரெண்டு?"

டக்.

"பத்தாதுங்கிறான்."

"அஞ்சு?"

டக்.

"பத்து?" டக். "இருபது?" டக். ஹெஸ்டன் அம்மாளுக்கு ஏலம் விடும் உற்சாகமே வந்துவிட்டது. முப்பது, நாற்பது, நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒற்றைத் தட்டு. மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. வாழ்நாள் முழுக்க 'மோசமில்ல' என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுசன்!

"அப்ப, ஐம்பதுமா? முழுசா? உங்களுக்குன்னு ஒண்ணுமே வேண்டாமா?"

டக், டக்.

"நல்லாருக்குங்கிறான்" என்றான் டெல்மர். சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

"ஆக, நூறு சதவீதம் அம்மா கட்டுனது" என்று ப்ரூட் திருப்தியாகக் கூட்டிப் பார்த்து, ஒரு படிவத்தை நீட்டினார். நாற்பத்திரண்டாம் படிவம். கடைசிக் கேள்விக்கு மட்டும் மார்லிஸ் பதில் சொல்ல வேண்டும். "முந்தைய கட்டுநருக்கு இவ்வானூர்தியுடன் உள்ள தொடர்பு முற்றிலுமாக முடிந்துவிட்டதா? ஆம் / இல்லை."

"இல்லைன்னு போட்டா?"

"தோட்ட அலங்காரம்மா."

மார்லிஸ் வாலைப் பார்த்தாள். நீயே சொல்லேன், எதாவது சொல்லேன் என்று கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். சத்தமே இல்லை. 'ஆம்' என்பதில் கோடு போட்டாள்.

மறுநாள் நாலு மணிக்குக் காபியோடு போய் உட்கார்ந்தாள். வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினோரு நாள். அவளே கட்டையை எடுத்துத் தகட்டில் தட்டிப் பார்த்தாள். தகடுதான் சத்தம் போட்டது. அந்தப் பூசணக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஒரு கையெழுத்துல உன்ன வெளிய தள்ளிட்டேனே பாவி" என்று காலிக் கராஜிடம் சொன்னாள். பதினோராம் நாள் சான்றிதழ் வந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை: "முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுநரைத் தவிர வேறு எவரும் வானூர்தியினுள் இருத்தல் கூடாது. எவரேனும் இருப்பது தெரியவந்தால், தரையிறங்கிய உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் ரத்தாகும்."

டெல்மரின் புல்வெளியிலிருந்து அவள் கிளம்பினபோது நவம்பர் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வலது இருக்கை காலி. விசையை முழுக்கத் தள்ளினாள். புல்லில் தடதடவென்று ஓடிய வண்டி திடீரென்று அமைதியானது. தரை விட்டுப் போய்விட்டது. ஏரி, மொட்டை வயல், சர்ச்சுக் கோபுரம், அதன் பக்கத்தில் இன்னும் புல் மூடாத அவன் மண். ஆணி ஒன்றுகூட அசையவில்லை. இப்படி ஒரு விமானத்தை அவள் ஓட்டியதே இல்லை. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். நெஞ்சு கல்லாகக் கிடந்தது. ஒரு வட்டம் போட்டாள், போதும் என்று தோன்றியது. இறங்கலாமென்று புல்வெளியை நோக்கித் திருப்பி, வேகத்தைக் குறைத்தாள்.

டக்.

முதுகுக்குப் பின்னால். வாலுக்குள்ளிருந்து. ஒரே ஒரு தட்டு.

கீழே டெல்மர் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான். மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், நாலு மணி. நிபந்தனை அவளுக்கு மனப்பாடம். இறங்கிய உடனே தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருக்க அவளால் முடியாது, அது அவள் ரத்தத்திலேயே கிடையாது. ஆனால் இறங்கிய உடனே என்றுதானே போட்டிருக்கிறான்?

"சரிடா மனுசா" என்றாள். விசையைத் தள்ளி, மூக்கைத் தூக்கி, மறுபடி மேலே ஏறினாள். எரிபொருள் காட்டியைப் பார்த்தாள். இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு இருந்தது.